கதவுக்கு எந்த வெள்ளை?



போன வாரம் நம் வீட்டு நடு அறைக் கதவின் படம் ஒன்றை இங்கே போட்டிருந்தேன். வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறது, தூசியாக இருக்கும், கொஞ்ச நாள் யாரும் வர வேண்டாம் என்று சொல்வதற்காகப் போட்டது. அதற்கு வந்த கருத்துகளைப் பார்த்து நானும் டீச்சரும் சிரித்துவிட்டோம். பாதிப் பேர், "வெள்ளை அடிக்காதீங்க சார், மரம் தெரியணும்" என்றீர்கள். மீதிப் பேர், "சுத்த வெள்ளை அடிங்க சார், இப்ப எல்லா வீட்லயும் அதுதான்" என்றீர்கள். மஸ்கட்டில் இருக்கும் ஒருவன் மட்டும், "எந்த வெள்ளை சார்?" என்று கேட்டிருந்தான். கடைசி பெஞ்சில் இருந்தவன். கேட்க வேண்டிய கேள்வியை அவன்தான் கேட்டான். இந்தப் பதிவு அவனுக்குப் பதில். நீளம்தான். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு மணி அடிக்க ஆள் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், மரம் தெரியணும் என்றவர்களுக்கு. வாசல் கதவு தேக்கு. அதைத் தொடவில்லை, பாலிஷ் மட்டும்தான். உள்கதவுகளும் ஜன்னல்களும் அயனி. 1986-ல் வீடு கட்டும்போது கையில் காசு இல்லை. கிடைத்த சட்டத்தையெல்லாம் சேர்த்து ஆசாரி செய்து கொடுத்தார். ஒன்று கறுப்பாகவும் ஒன்று வெளுப்பாகவும் இருந்ததால் அன்றைக்கே பெயிண்ட் அடித்துவிட்டோம். அப்புறம் 1998-ல் கிரீம் கலர் அடித்தோம். பெயிண்ட் ஏறிய மரத்தைத் திரும்ப மரமாக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சுரண்ட வேண்டும். அதை ஏன் செய்யக்கூடாது என்று கீழே சொல்கிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இப்போது என் தவறு.

மகள் சென்னையில் இருந்து பேரனோடு லீவுக்கு வருகிறாள் என்றதும், அதற்கு முன் கதவுகளுக்கு வெள்ளை அடித்துவிடலாம் என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு அட்டையை விரித்தார். அதில் வெள்ளையே பத்துப் பதினைந்து இருந்தது. எனக்குப் பொறுமை இல்லை. "இருப்பதிலேயே வெள்ளையான வெள்ளை கொடுங்க" என்றேன். அவரும் கொடுத்தார். ஒரு கதவுக்கு அடித்தாயிற்று. பளிச்சென்று இருந்தது. எனக்குத் திருப்தி.

டீச்சர் வந்து பார்த்தார். "ஏங்க, இது நீலமால்ல இருக்கு?" என்றார்.

"வெள்ளை" என்றேன்.

"நீலம். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. சுவரெல்லாம் அழுக்காத் தெரியுது."

மூன்று நாள் இது நடந்தது. நாற்பது வருடம் கெமிஸ்ட்ரி எடுத்தவனுக்கு வெள்ளை எது, நீலம் எது என்று தெரியாதா என்ற கர்வம் எனக்கு. நான்காம் நாள் காலையில் டீச்சர் கதவுக்கு முன்னால் நின்று ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார், மறு கண்ணைப் பொத்திப் பார்த்தார். பிறகு, "வலது கண்ணுக்கு நீலம். இடது கண்ணுக்கு நீங்க சொல்ற வெள்ளை" என்றார்.

வலது கண்ணில்தான் பிப்ரவரியில் புரை ஆபரேஷன் ஆனது. இடது கண் இன்னும் ஆகவில்லை.

விஷயம் இதுதான் மக்களே. நம் கண்ணில் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக மஞ்சளாகும். மஞ்சள் கண்ணாடி போட்ட மாதிரி, நீல ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடுக்கும். அது பல வருடத்தில் மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. மூளை சரிக்கட்டிக்கொள்கிறது. ஆபரேஷனில் அந்த லென்ஸை எடுத்துவிட்டுத் தெளிவான செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். அடைபட்டிருந்த நீலம் திடீரென்று உள்ளே வருகிறது. ஒரு கண்ணுக்கு ஆகி மறு கண்ணுக்கு ஆகாமல் இருக்கும் காலத்தில், ஒரே வேட்டி ஒரு கண்ணுக்கு வெள்ளையாகவும் மறு கண்ணுக்குச் சந்தனமாகவும் தெரியும். ஆகவே டீச்சரின் வலது கண் சரி. அவருடைய இடது கண்ணும், என் இரண்டு கண்ணும்தான் மஞ்சள். என் அறுபத்தெட்டு வயதுக் கண்ணை வைத்துக்கொண்டு, வீட்டிலேயே தெளிவாகப் பார்க்கிற ஒரு கண்ணோடு மூன்று நாள் சண்டை போட்டிருக்கிறேன்.

டப்பாவில் உண்மையிலேயே நீலம் இருந்தது. வெள்ளை வேட்டிக்கு அம்மா சொட்டு நீலம் போடுவது நினைவிருக்கிறதா? வெள்ளையில் இருக்கும் லேசான மஞ்சளை அந்த நீலம் மறைக்கும், துணி இன்னும் வெளுத்த மாதிரித் தெரியும். பளீர் வெள்ளை பெயிண்ட் பலவற்றிலும் அதே வேலைதான், துளி நீலமோ ஊதாவோ சேர்ப்பார்கள். துணிக்கு அது நல்லது. பழைய கிரீம் சுவர், சிவப்புத் தரை, வெயில் நேராக வராத நடு அறை உள்ள நம் மாதிரி வீடுகளில், பளீர் வெள்ளைக் கதவு பக்கத்துச் சுவரை அழுக்காக்கிக் காட்டும். டீச்சர் சொன்னது அதைத்தான்.

அதனால் வெள்ளை வாங்கப் போகிறவர்களுக்கு என் கருத்து: கடையில் நின்று தீர்மானிக்காதீர்கள். கடையின் டியூப் லைட் வேறு, உங்கள் வீட்டு வெளிச்சம் வேறு. நான் இரண்டாவது முறை செய்ததைச் சொல்கிறேன்.

அட்டையை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஒவ்வொரு வெள்ளைக்கும் பக்கத்தில் வையுங்கள். தனியாகப் பார்க்கும்போது எல்லாம் வெள்ளைதான். தாளோடு வைத்தால் ஒன்று மஞ்சள் பக்கம் சாயும், ஒன்று சாம்பல் பக்கம், ஒன்று ரோஸ், ஒன்று பச்சை. உங்கள் சுவரும் தரையும் எந்தப் பக்கமோ அதே பக்கம் சாய்கிற வெள்ளை இரண்டு மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் மட்டும் இருப்பதிலேயே சிறிய டப்பா வாங்கி, பழைய பரீட்சை அட்டை அளவு ஹார்ட்போர்டு துண்டில் இரண்டு கோட் அடியுங்கள். காய்ந்ததும் கதவருகில் நிறுத்தி வையுங்கள். காலை ஏழு மணிக்குப் பாருங்கள், மத்தியானம் பாருங்கள், இரவு விளக்கு போட்டும் பாருங்கள். பல்பு பெட்டியில் 6500 கெல்வின் என்று இருந்தால் அது நீலம் கலந்த வெளிச்சம், 3000 என்று இருந்தால் மஞ்சள் வெளிச்சம். ஒரே பெயிண்ட் இரண்டிலும் இரண்டு மாதிரித் தெரியும். வீட்டில் இருக்கிற எல்லோரையும் பார்க்கச் சொல்லுங்கள், கண் ஆபரேஷன் ஆனவர்களை முதலில்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இன்னொன்று. சுவர் வெள்ளை, நிலை வெள்ளை, கதவு வெள்ளை, சுவிட்ச் போர்டும் வெள்ளை என்று படம் பிடிக்க அழகாக இருக்கும். பார்வை மங்கியவருக்கு இரவு எழுந்தால் கதவின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. பாதி திறந்து கிடக்கும் கதவில் நெற்றி இடிக்கும். சுவர் வெள்ளை என்றால் நிலையையாவது ஒரு படி அடர்த்தியாக வையுங்கள், கைப்பிடி கறுப்பாகவோ பித்தளையாகவோ இருக்கட்டும். எங்கள் வீட்டில் சுவர் கிரீமாகவே இருப்பதால் கதவு வெள்ளையானாலும் பிரிந்து தெரிகிறது.

அடுத்து, எண்ணெய் பெயிண்டா, தண்ணீர் பெயிண்டா?

நம் ஊரில் கதவென்றால் எண்ணெய் எனாமல் என்றுதான் பழக்கம். கெட்டியாகக் காயும், மினுங்கும், துடைக்கலாம். வெள்ளைக்கு மட்டும் அதில் ஒரு வியாதி உண்டு. அதிலிருக்கும் எண்ணெய்ச் சேர்மானம் நாளாவட்டத்தில் மஞ்சளாகும், அதுவும் இருட்டில். வெயில் படும் ஜன்னல் கதவு வெள்ளையாகவே இருக்கும், அலமாரியின் உள்பக்கமும் காலண்டர் தொங்கிய இடமும் மஞ்சளடிக்கும். வெளிச்சம் அந்த மஞ்சளை ஓரளவு வெளுக்க வைக்கும், இருட்டில் அது நடக்காது. காலண்டரை எடுத்தால் கதவில் ஒரு மஞ்சள் சதுரம் இருப்பதை எத்தனை வீட்டில் பார்த்திருப்பீர்கள்! எண்ணெய் பெயிண்டில் நீங்கள் ஆசையாகத் தேர்ந்தெடுத்த வெள்ளை உள் அறையில் சில வருடம்தான் அந்த வெள்ளையாக இருக்கும்.

தண்ணீரில் கரைக்கும் எனாமல் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. விலை கூடுதல். ஆனால் அது அப்படி மஞ்சளாவதில்லை, டர்பன்டைன் நாற்றமும் இல்லை, சீக்கிரம் காய்கிறது. அதிலும் மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, பழைய எண்ணெய் மினுமினுப்பின் மேல் அப்படியே அடித்தால் தோல் தோலாக உரிந்து வரும். மினுப்புப் போகும்வரை தேய்த்து, பிரைமர் அடித்துத்தான் மேலே போக வேண்டும். இரண்டு, பலா மாதிரிச் சாயம் இருக்கும் மரங்களில் வெறும் மரம் தெரியும் இடத்தில் தண்ணீர் பெயிண்ட் பட்டால், மரத்தின் சாயம் கரைந்து வெள்ளையின் மேல் பழுப்பாக ஊறி வரும். அந்த இடத்துக்கு மட்டும் எண்ணெய் பிரைமர் ஒரு கை அடித்துக் காயவிடுங்கள். மூன்று, தொட்டால் ஒட்டாது என்பதால் காய்ந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. உள்ளே இறுக இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதுவரை ஜன்னலை இறுக்கிச் சாத்தினால் நிலையோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பெயிண்டும் கூடவே வரும். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. இரண்டுக்கும் முன்னால் காயும்படி நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மினுப்பைப் பற்றி ஒரு வரி. முழு மினுப்பு வேண்டாம். பழைய மரத்தின் ஒவ்வொரு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். மினுப்பே இல்லாததும் கதவுக்கு ஆகாது, கைரேகை போகாது. இரண்டுக்கும் நடுவில் சாட்டின் என்று இருப்பதுதான் சரி.

இதற்கு மேல் எழுதப்போவதுதான் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டியது.

வேலைக்கு வந்தவன் என் மாணவன். 1996 பிளஸ் டூ. கணக்கில் போய்விட்டது, தாய்மாமாவோடு பெயிண்ட் வேலைக்குப் போனான். இன்று அவனுக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். 1998-ல் நம் வீட்டுக்கு வேலை செய்ததும் அந்த மாமாதான், கையாளாக வந்தவன் இவன். அவன் பெயரை எழுதவில்லை, அந்த பேட்ச்காரர்களுக்குத் தெரியும்.

முதல் நாள் காலையில் வந்து, தட்டுச் சுரண்டியை எடுத்து ஜன்னலைச் சுரண்ட ஆரம்பித்தான். பிறகு உப்புத்தாளை வைத்துத் தேய்த்தான். எல்லாம் உலர்வாக. தூசி வெயிலில் மினுங்கிக்கொண்டு தரையில் இறங்கியது. பேரன் முந்தின நாள்தான் வந்திருந்தான். இரண்டு வயது. அந்தத் தூசியில் கையை வைத்துத் தவழ்ந்து ஜன்னலடிக்குப் போய், விரலை வாயில் வைத்தான்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. "நிறுத்து மக்கா" என்று கத்திவிட்டேன். பிள்ளையைத் தூக்கிக் கை, வாய் எல்லாம் கழுவினோம்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பளிச்சென்ற நிறத்துக்கும் சீக்கிரம் காய்வதற்கும் ஈயச் சேர்மங்களைச் சேர்த்த காலம் அது. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் வந்தது, 2017 நவம்பர் முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன் அடித்த பெயிண்ட் எந்த வீட்டில் இருந்தாலும் அதில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். சின்னப் பிள்ளைகள் உடம்பு ஈயத்தைப் பெரியவர்களைவிட அதிகமாக உறிஞ்சும். மூளை வளரும் வயதில் அது புத்தியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். பிளஸ் டூ லேபில் கிப்ஸ் உபகரணத்திலிருந்து ஹைட்ரஜன் சல்பைடை விடுவோமே, அழுகிய முட்டை நாற்றத்தில் நீங்களெல்லாம் மூக்கைப் பொத்துவீர்களே, நினைவிருக்கிறதா? கறுப்பு வீழ்படிவு வந்தால் ஈயமாக இருக்கலாம் என்று எழுதச் சொல்வேன். ஈயத்தால் ஆன பழைய வெள்ளைச் சாயம் காற்றில் உள்ள கந்தகத்தால் கறுத்துப்போகும் என்றும் சொல்லியிருக்கிறேன். ஐந்து மதிப்பெண் கேள்வி அது. ஆனால் அது நம் ஜன்னலில் இருக்கிறது, உலர்வாகச் சுரண்டினால் மூச்சில் போகும் என்று ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை.

1998-ல் இதே ஜன்னலை இதே பையன் இதே மாதிரி உலர்வாகச் சுரண்டினான். அப்போது என் மகளுக்கு நான்கு வயது. அந்தத் தூசியில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் திண்ணையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகப் படித்தாள், நன்றாக இருக்கிறாள். அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் அவனோடு உட்கார்ந்து பேசினேன். இருபத்தேழு இருபத்தெட்டு வருடமாக மூக்கில் துணி கூடக் கட்டாமல் சுரண்டுகிறான். "தலைவலி வரும் சார், அது பெயிண்ட் வாசனைன்னு நெனச்சேன்" என்றான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றான். குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னான். எனக்குப் பதில் இல்லை. ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. மறுநாள் நானே கூட்டிக்கொண்டு போய் அவனுக்கும் பேரனுக்கும் ரத்தம் கொடுத்தோம். பேரனுக்குக் கவலைப்பட எதுவும் இல்லை. அவனுக்குச் சற்றுக் கூடுதல்தான். தூசியை நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அதன்பிறகு வேலை முறையை மாற்றினோம். நீங்களும் இப்படியே செய்யுங்கள்:

நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பெயிண்டைச் சுரண்டவே வேண்டாம். அதன் மேல் புதுப் பெயிண்ட் அடிப்பதுதான் பாதுகாப்பு. உரிந்த இடத்தை மட்டும் எடுங்கள். எடுக்கும்போது தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பர் வைத்து ஈரமாகத் தேயுங்கள். மெஷின் வைத்துத் தேய்க்காதீர்கள், தீயால் சுட்டு எடுக்காதீர்கள். கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, விழுந்ததை அதோடு சுருட்டிக் கட்டிவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, தூசி பறக்கும். ஈரத் துணியால் இரண்டு முறை துடையுங்கள். வேலை செய்பவர் என்95 முகக்கவசம் போட வேண்டும், சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், வேலைச் சட்டையை அங்கேயே மாற்றிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேலை முடியும்வரை வேறு வீட்டில் வையுங்கள். நாங்கள் மகளையும் பேரனையும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இதற்கெல்லாம் கூலி நாள் கூடும். எங்களுக்கு இரண்டு நாள் கூடியது. பேரம் பேசாமல் கொடுங்கள்.

இன்றைய வெள்ளை பெயிண்டின் வெண்மைக்குக் காரணம் ஈயம் இல்லை, டைட்டானியம் டை ஆக்சைடு. ஒளியை வளைக்கும் சக்தியில் அதன் ரூட்டைல் வகை வைரத்தையே மிஞ்சும். அதனால்தான் மெல்லிசாக அடித்தாலும் அடியில் இருப்பதை மறைக்கிறது. அந்த டைட்டானியம் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் இருக்கிறது. இல்மனைட் என்று பாக்கெட்டில் போட்டு வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டியிருக்கிறேன். கறுப்பு மணலிலிருந்து வெள்ளை பெயிண்ட் என்றதும் வாயைப் பிளந்தீர்கள். அதைச் சொல்ல நேரம் இருந்தது எனக்கு. சுரண்டும் தூசியைப் பற்றிச் சொல்ல இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை.

கடைசியில் எந்த வெள்ளை என்று மஸ்கட்காரனுக்குச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் எனாமல், சாட்டின், லேசாக மஞ்சள் பக்கம் சாயும் வெள்ளை. தேங்காயைத் துருவும்போது ஓட்டை ஒட்டாமல் உள்ளிருந்து வருமே, அந்த வெள்ளை என்று டீச்சர் சொல்கிறார். தேர்ந்தெடுத்தது அவருடைய வலது கண். ஷேட் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு கீறலுக்குப் பூச வேண்டி வந்தால் தேடி அலைய வேண்டாம். முதலில் அடித்த நீல வெள்ளைக் கதவையும் மாற்றியாயிற்று.

நம் பேட்ச்களில் பெயிண்டர், தச்சர், கட்டட வேலை செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உலர்வாகச் சுரண்டுவதை இன்றோடு நிறுத்துங்கள் மக்களே. நீங்கள் யாரும் இங்கே இல்லையென்றால், இருப்பவர்கள் உங்களோடு படித்த பெயிண்டர் நண்பனுக்கு இதைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். இருபத்தெட்டு வருடம் தாமதமாக எடுக்கும் பாடம், தெரியும். ஆனாலும் எடுத்துவிடுகிறேன்.

பெயிண்ட் காயட்டும், இரண்டு வாரம் கழித்து எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். கதவை மட்டும் இறுக்கிச் சாத்தாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்